ஒஃபீலியா எங்கே நிற்கிறாள்? ஆங்கில இலக்கியப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் ஆங்கில இலக்கியத்துக்குப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கும், வினாத்தாள் அமைப்போருக்கும்,

வணக்கம்.

ஷேக்ஸ்பியர் தாளில் ஒரு வகைக் கேள்வி மட்டும் மாறுவதே இல்லை. "சாலிலக்வி: குறிப்பு வரைக." "அசைட்: குறிப்பு வரைக." "பிளாங்க் வெர்ஸ் என்றால் என்ன?" பதிலும் மாறுவதில்லை. பாத்திரம் மேடையில் தனியாக நின்று தன் மனத்தில் இருப்பதை உரக்கச் சொல்வது சாலிலக்வி, அதாவது தனிமொழி. உதாரணம், ஹாம்லெட்டின் 'டு பி ஆர் நாட் டு பி'. ஐந்து மதிப்பெண், அடுத்த கேள்வி.

அந்த வரையறைக்கு அந்த உதாரணம் பொருந்தாது. ஹாம்லெட் அந்த இடத்தில் தனியாக இல்லை. பொலோனியஸ் தன் மகள் ஒஃபீலியாவின் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து, "இங்கேயே உலாவிக்கொண்டிரு" என்று நிறுத்திவிட்டுத்தான் போகிறான். அவனும் அரசன் கிளாடியஸும் மறைவில் நின்று ஒட்டுக்கேட்கிறார்கள். ஹாம்லெட் பேசி முடித்ததும் ஒஃபீலியாவைப் பார்க்கிறான். அந்த முப்பதுக்கு மேற்பட்ட அடிகளும் அவள் காதில் விழுந்தனவா? அவள் நிற்பது ஹாம்லெட்டுக்கு முன்பே தெரியுமா? காட்சியின் பதற்றமெல்லாம் இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. வரையறையை மனப்பாடம் செய்தவருக்கு இந்தக் கேள்விகள் எழவே எழாது. தனிமொழிதான் என்று எழுதி முடித்துவிடுகிறார்.

நாங்கள் கேட்பது இதுதான். இந்த மரபுகளைச் செய்யுள் அலங்காரங்களின் பட்டியலாகக் கற்பிப்பதை நிறுத்துங்கள். அவை ஒரு குறிப்பிட்ட மரக்கட்டடத்திலும் ஒரு குறிப்பிட்ட வேலைமுறையிலும் எழுந்த சிக்கல்களுக்கு நடிகர்கள் கண்ட வழிகள். கட்டடத்தைக் காட்டாமல் வழியை மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னால் அது பூட்டில்லாத சாவி.

கட்டடத்திலிருந்தே தொடங்குகிறோம். ஜேம்ஸ் பர்பேஜ் 1576இல் லண்டனுக்கு வடக்கே ஷோர்டிச்சில் கட்டிய அரங்கைப் பிரித்து, அந்த மரங்களைக் கொண்டுபோய் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் 1599இல் எழுப்பியதுதான் ஷேக்ஸ்பியர் குழுவின் அரங்கான குளோப். அதன் அளவுகள் எழுத்தில் கிடைக்கவில்லை. ஆனால் அதைக் கட்டிய தச்சர் மறு ஆண்டே போட்டிக் குழுவுக்காகக் கட்டிய ஃபார்ச்சூன் அரங்கின் ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. வெளிப்புறம் 80 அடிச் சதுரம், உள்ளே 55 அடிச் சதுரமான திறந்த முற்றம். மேடையின் அகலம் 43 அடி. பின்சுவரிலிருந்து முற்றத்தின் நடுப்பகுதிவரை, அதாவது இருபத்தேழரை அடி, நீண்டு வர வேண்டும். மூன்று அடுக்கு மாடங்கள். மேடையின் மூன்று பக்கமும் ஒரு பென்னி கொடுத்து நின்று பார்க்கும் கூட்டம். பின்சுவரில் நடிகர் வந்துபோகும் கதவுகள், மேலே ஒரு மாடம், தரையில் ஒரு பொறிக்கதவு. முன்திரை கிடையாது. விளக்கும் கிடையாது, மதியம் இரண்டு மணி வெயிலில் நாடகம்.

இந்த ஒரு பத்தியைக் கரும்பலகையில் வரைந்துவிட்டால் பாதி 'மரபுகள்' தாமே விளங்கிவிடும்.

முன்திரை இல்லை என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் செத்தவன் எப்படி வெளியே போவான்? யாராவது தூக்கிப்போக வேண்டும். அதனால்தான் ஹாம்லெட்டின் முடிவில் ஃபோர்டின்பிராஸ் நான்கு படைத்தலைவர்களைக் கூப்பிட்டு உடலைத் தூக்கச் சொல்கிறான். லியரின் முடிவிலும் "இவர்களை இங்கிருந்து எடுத்துச் செல்லுங்கள்" என்று ஆணை வருகிறது. பொலோனியஸைக் கொன்ற ஹாம்லெட் அவன் உடலைத் தானே இழுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிறான். கைடுகள் இதை ஹாம்லெட்டின் மனநிலைக்குச் சான்றாகக் காட்டும். அதுவும் உண்டுதான். ஆனால் முதலில் அது மேடையைக் காலி செய்யும் வேலை. அந்தக் கட்டாய வேலையை எழுதியவர் பாத்திரத்தின் மனநிலையாக மாற்றிவிட்டார் என்பதில்தான் கலை இருக்கிறது. மாணவர் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விளக்கு இல்லை என்பதை எடுத்துக்கொள்வோம். ஹாம்லெட் நாடகத்தின் முதல் பத்து வரிக்குள் மணி பன்னிரண்டு அடித்துவிட்டது என்று ஒருவன் சொல்கிறான். கடுங்குளிர், மனமும் சரியில்லை என்று இன்னொருவன் சொல்கிறான். அதற்கும் முன்னால், "யார் அங்கே?" என்ற முதல் கேள்வியைக் கேட்பது காவலில் இருப்பவன் அல்ல, காவல் மாற்ற வருபவன். கேட்க வேண்டியவன் கேட்காமல் வருகிறவன் கேட்கிறான் என்றால் இருட்டும் பயமும் இரண்டு பேரையும் பிடித்திருக்கின்றன. பட்டப்பகலில் நடு இரவை உண்டாக்க அவர்களிடம் இருந்தவை இந்தச் சொற்களும் கையில் ஒரு தீப்பந்தமும்தான். தீப்பந்தம் வந்தால் இரவு; இது பார்வையாளருக்கும் நடிகருக்கும் இடையே இருந்த உடன்பாடு. மாயமாய் மறைவதற்கும் இப்படி ஓர் உடன்பாடு உண்டு. அரங்க உரிமையாளர் ஃபிலிப் ஹென்ஸ்லோவின் 1598ஆம் ஆண்டுச் சாமான் பட்டியலில் 'கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கான அங்கி' ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு வருபவனைப் பார்வையாளர் நன்றாகவே பார்க்கிறார்கள். மேடையில் உள்ளவர்கள் பார்ப்பதில்லை. அவ்வளவுதான் ஏற்பாடு. தெருக்கூத்து பார்த்த மாணவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு வரி போதும்.

இனி, காட்சி முடிவில் வரும் இயைபு ஈரடி. நாடகம் முழுக்க இயைபில்லாமல் போய்க்கொண்டிருக்க, காட்சியின் கடைசி இரண்டு அடி மட்டும் 'நெல்', 'ஹெல்' என்று இயைந்து முடியும் (மெக்பெத், இரண்டாம் அங்கம், முதல் காட்சி). "காட்சிக்கு அழகான முடிவு தருகிறது" என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கிறது. இப்படிப் பாருங்கள். மேடையின் முன்விளிம்பிலிருந்து பின்கதவுக்கு இருபத்தேழரை அடி, ஏறத்தாழ எட்டரை மீட்டர். சாதாரண நடையில் ஆறேழு நொடி. செய்யுளை மேடையில் மணிக்குச் சுமார் ஆயிரம் செய்யுளடி வேகத்தில் சொல்வார்கள் என்பது நாடகக்காரர் கணக்கு. அப்படியானால் இரண்டு செய்யுளடிக்கு ஏழு நொடி. நடந்துகொண்டே சொன்னால் ஈரடி முடியும்போது நடிகர் கதவருகே இருப்பார். காதில் இயைபு விழுந்ததும் அடுத்த காட்சிக்காரர்கள் மறு கதவில் தயாராகிவிடுவார்கள். திரையும் விளக்கணைப்பும் செய்யும் வேலையை ஓசை செய்கிறது.

கல்லூரி விழாக்களில் இது கெடும் விதம் தெரிந்ததே. ஈரடி முடிந்ததும் விளக்கை அணைத்து, இருட்டில் நாற்காலி நகர்த்தி, அரை நிமிடம் கழித்து அடுத்த காட்சி. இருபது காட்சி என்றால் பத்து நிமிடம் இருட்டு. அதைவிட மோசம், ஈரடிக்குப் பின்னும் ஒரு வரி மிச்சமிருக்கும் இடங்கள். ஹாம்லெட் முதல் அங்கத்தின் கடைசியில் 'ஸ்பைட்', 'ரைட்' என்று இயைபு விழுந்தபிறகும் அவன் நண்பர்களைப் பார்த்து, "இல்லை, வாருங்கள், சேர்ந்தே போவோம்" என்கிறான். விளக்குப் பொறுப்பாளர் இயைபைக் கேட்டு அணைத்துவிட்டால் அந்த வரி இருட்டில் போய்விடும். இளவரசன் முன்னே, மற்றவர்கள் பின்னே என்ற வழக்கத்தை விட்டு அவன் அவர்களோடு சேர்ந்து நடக்கும் அந்த நடையும் அதோடு போய்விடும்.

இன்னொன்று, பாடத்திட்டங்களில் பெயரளவுக்குக்கூட இடம்பெறாதது: கியூ ஏடு. நடிகர்கள் கையில் முழு நாடகம் இருந்ததில்லை. படி எடுப்பது செலவு. எழுத்து வெளியே போனால் வேறு குழு தூக்கிக்கொள்ளும் என்ற அச்சமும் உண்டு. ஒவ்வொருவருக்கும் அவரவர் பேச்சு மட்டும் எழுதிய நீளமான காகிதச் சுருள். முன்னால் பேசுபவரின் கடைசி இரண்டு மூன்று சொற்கள், அதாவது கியூ, மட்டும் அதில் இருக்கும். பேசுவது யார், எவ்வளவு நேரம் பேசுவார் என்பது இருக்காது. 'ரோல்' என்ற சொல்லே அந்தச் சுருளிலிருந்து வந்ததுதான். எட்வர்ட் ஆலன் என்ற பெரிய நடிகர் ஒரு நாடகத்துக்குப் பயன்படுத்திய சுருள் இன்றும் லண்டன் டல்விச் கல்லூரியில் இருக்கிறது. வாரத்தில் ஆறு நாளும் வேறு வேறு நாடகம் போட்ட குழுக்களுக்கு, கூடி ஒத்திகை பார்க்க நேரம் மிகக் குறைவு.

இது தெரியாமல் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தின் ஒரு நகைச்சுவை புரியாது. தச்சன் குவின்ஸ் ஒத்திகையில் தலையில் அடித்துக்கொள்கிறான்: "உன் பாகம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாயே, கியூவையும் சேர்த்து!" துருத்தி செப்பனிடும் ஃப்ளூட் தன் சுருளில் இருந்ததையெல்லாம் இடைவிடாமல் படித்துவிட்டான். அச்சுப் புத்தகத்தில் நாடகம் படிக்கும் மாணவருக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இதை வகுப்பில் செய்துபார்க்க ஒரு மணி நேரம் போதும். 'த மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்' மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியை எடுங்கள், சின்னக் காட்சி. ஒவ்வொரு பாத்திரத்தின் பேச்சையும் தனித்தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் ஒரு கோடு, கோட்டின் முடிவில் முந்தைய பேச்சின் கடைசி மூன்று சொற்கள். யாருடையவை என்று எழுத வேண்டாம். நாடகத்தை இன்னும் படிக்காத மாணவர்களுக்குக் கொடுங்கள். படித்தவர்களுக்குக் கொடுத்தால் பயன் பாதியாகிவிடும். இப்போது ஷைலாக் பேசட்டும். அவன் கடைசிப் பேச்சு முடிவது 'ஹேவ் மை பாண்ட்' என்று. அவன் போனதும் பேச வேண்டிய ஆன்டோனியோவின் நண்பனுக்கு அதுதான் கியூ. ஆனால் அதே பேச்சில் ஷைலாக் அந்தச் சொற்களை அதற்கு முன்னாலேயே இரண்டு முறை சொல்கிறான். நண்பன் இரண்டு முறையும் வாயைத் திறப்பான்; ஷைலாக் அவனை மிதித்துக்கொண்டு மேலே பேசுவான். "நீ பேசுவதைக் கேட்கமாட்டேன்" என்பதுதான் அவன் சொல்வதும். பிடிவாதம் பற்றி இரண்டு பக்கம் நோட்ஸ் எழுதித் தருவதைவிட இது சீக்கிரம் புரியும். முதல் தடவை குழப்பமாகத்தான் இருக்கும், ஆசிரியர் இடையில் புகுந்து திருத்திவிடக் கூடாது.

செய்யுளுக்கு வருவோம். அதிகம் கெடுவது இங்கேதான்.

பிளாங்க் வெர்ஸ் என்பது ஓர் அடிக்கு ஐந்து அழுத்தம் கொண்ட, இயைபில்லாத ஓட்டம். சர்ரே பிரபு வெர்ஜிலை மொழிபெயர்க்கக் கையாண்டது. 1561இல் 'கார்படக்' என்ற நாடகம் வழியாக மேடை ஏறியது. 1587 வாக்கில் மார்லோ கையில் முழங்கத் தொடங்கியது. இந்த வரலாறு எல்லாக் கைடுகளிலும் இருக்கிறது, விட்டுவிடலாம். கைடுகளில் இல்லாதது, அதை எப்படிக் கேட்பது என்பது.

"பத்து சிலபிள்" என்று சொல்லிக்கொடுப்பது முதல் தவறு. மாணவர் விரல்விட்டு எண்ணுகிறார். 'டு பி, ஆர் நாட் டு பி, தட் இஸ் த க்வெஸ்சன்' பதினொன்று வருகிறது. அந்தப் பேச்சின் முதல் நான்கு அடிகளுமே பதினொன்றுதான். தன் எண்ணிக்கை தவறென்று அவர் நினைத்துக்கொள்கிறார். எண்ண வேண்டியது அழுத்தத்தை. கடைசியில் அழுத்தமில்லாமல் தொங்கும் அந்தப் பதினோராவது சிலபிள் அடியை மூடவிடாமல் வைத்திருக்கிறது. முடிவெடுக்காதவன் பேச்சு முடியாமல் அடுத்த அடிக்குள் வழிகிறது.

இரண்டாவது சிக்கல் நம் நாக்கு சம்பந்தப்பட்டது. தமிழில் நேரத்தைப் பிடிப்பது குறிலும் நெடிலும். ஆங்கிலத்தில் அந்த வேலையை அழுத்தம் செய்கிறது. நம் மாணவர் ஆங்கில அடியைப் படிக்கும்போது எல்லா சிலபிளுக்கும் ஏறத்தாழச் சம நேரம் கொடுக்கிறார். அழுத்தத்தைக் காட்டச் சொன்னால் அதை நெடிலாக இழுக்கிறார், அடி தாலாட்டாகிவிடும். அழுத்தத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள், மற்றதைக் குறைக்கச் சொல்லுங்கள். 'ஆஃப்', 'அண்ட்', 'த', 'டு' இவற்றை விழுங்கினாலே மீதி தானாக எழும். மேசையில் தட்டுவதானால் அழுத்தத்துக்கு மட்டும் தட்டு, அடிக்கு ஐந்து. ஐயாம்பிக்கை 'நிரை' என்று சொல்லிக்கொடுப்பது நுழைவதற்கு உதவும், அங்கேயே நின்றுவிடக் கூடாது. நிரை ஒரே அசை. ஐயாம்பிக், அழுத்தமில்லாதது ஒன்றும் அழுத்தமுள்ளது ஒன்றுமாக இரண்டு சிலபிள் சேர்ந்த ஒரு சீர்.

தாளம் பிடிபட்ட பிறகுதான் உண்மையான பாடம்: தாளம் எங்கே உடைகிறது? கார்டீலியாவின் உடலைக் கையில் வைத்துக்கொண்டு லியர் 'நெவர், நெவர், நெவர், நெவர், நெவர்' என்கிறான். ஐந்து அழுத்தம் சரியாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றும் தலைகீழ். எழ வேண்டிய இடத்தில் விழுகிறது. நாடகம் முழுக்க எழுந்து எழுந்து வந்த ஓசை இந்த ஓர் அடியில் ஐந்து முறையும் கவிழ்கிறது. (1623இல் வந்த தொகுப்புப் பதிப்பான ஃபோலியோவில் ஐந்து, 1608இல் வந்த தனிப் பதிப்பான குவார்ட்டோவில் மூன்றுதான். எந்தப் பதிப்பைப் பாடமாக வைத்தீர்கள் என்பது இங்கே நேரடியாகப் பாதிக்கும்.)

'எட்' விகுதியும் அப்படித்தான். ரோமியோ நாடுகடத்தப்பட்டதைக் கேட்டுப் புலம்பும் ஓர் அடியில் 'பேனிஷ்ட்' என்ற சொல் இரண்டு முறை வருகிறது. முதலாவதை 'பேனிஷெட்' என்று மூன்று சிலபிளாகவும் இரண்டாவதை இரண்டு சிலபிளாகவும் சொன்னால்தான் அடி நிற்கும். இன்றைய உச்சரிப்பில் இரண்டையும் ஒன்றாகப் படித்தால் ஓர் அழுத்தம் காணாமல் போகும். பழைய உச்சரிப்பு வேறு என்பதை மறந்ததால் வரும் தவறு இன்னொன்றும் உண்டு. ஷேக்ஸ்பியரின் 116ஆம் சானட்டின் (பதினான்கு அடிப் பாட்டு) இறுதியிலுள்ள 'ப்ரூவ்ட்', 'லவ்ட்' என்பதைக் 'கண்ணுக்கு மட்டும் இயைபு' என்று எழுதுகிறார்கள். ஷேக்ஸ்பியர் காலத்தில் அது காதுக்கும் இயைபாக இருந்தது.

அதே மூச்சில் ஒரு கலைச்சொல் முறையீடு. ரைமை 'எதுகை' என்று மொழிபெயர்ப்பதை விட்டுவிடுங்கள். எதுகை அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒன்றுவது. அடியின் கடைசியில் ஒன்றுவதற்கு இயைபு என்ற சொல் நம்மிடம் இருக்கிறது.

பங்கிட்ட அடிகள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டங்கனைக் கொன்றுவிட்டு மெக்பெத் இறங்கி வருகிறான். மனைவி: "நீங்கள் பேசினீர்களா?" அவன்: "எப்போது?" அவள்: "இப்போது." அவன்: "நான் இறங்கும்போதா?" ஆங்கிலத்தில் இந்த நான்கு பேச்சும் சேர்ந்து ஒரே அடி, பதினொரு சிலபிள். அதாவது இடைவெளியே கிடையாது. ஒருவர் மூச்சில் இன்னொருவர் பேசுகிறார்கள். மாணவர்கள் இதை எப்போதும் நிறுத்தி நிறுத்தி, திகில் படம் போல நடிக்கிறார்கள். அவர்கள் மேல் குறையில்லை. ஒரே அடியைப் பலர் பங்கிடும்போது அச்சில் ஒவ்வொரு பேச்சையும் படிப்படியாக உள்ளே தள்ளிப் போடுவது பதிப்பு வழக்கம். மலிவுப் பதிப்புகளிலும் இணையத்திலிருந்து எடுத்து அச்சிட்ட பாடப்பகுதிகளிலும் அந்தத் தள்ளல் போய், எல்லாம் இடப்பக்கம் ஒட்டிக்கொள்கிறது. பிறகு மாணவர் அதை உரைநடை என்று எழுதினால் யார் பொறுப்பு? இதற்கு நேர்மாறு, யாரும் நிரப்பாத குறையடி. ஓர் அடி இரண்டு அழுத்தத்தோடு நின்று, அடுத்தவர் புது அடியில் தொடங்கினால், மீதி மூன்று அழுத்தமும் பெரும்பாலும் மௌனம் அல்லது ஒரு செயல். மௌனம் எங்கே என்பதை இயக்குநர் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, எண்ணினால் போதும்.

மேலே மெக்பெத் காட்சியில் அவள் பேச்சை 'நீங்கள்' என்று தமிழில் சொன்னோம். காரணம் இருக்கிறது. அதற்குச் சற்று முன் அவன் அவளைக் கேட்பது 'தௌ' என்று, 'நீ'. அவள் அவனைக் கேட்பது 'யூ' என்று, 'நீங்கள்'. இன்றைய ஆங்கிலேயருக்கு இந்த வேறுபாடு காதில் விழாது. அகராதி பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். நமக்கு அது பிறந்ததிலிருந்து தெரியும். நம் மாணவர்களுக்கு ஷேக்ஸ்பியரில் இயல்பாகவே கிடைத்திருக்கும் பெரிய சாதகம் இதுதான். ஆனால் பாடத்திட்டம் அதை 'ஆர்க்கெயிக் சொற்கள்' என்ற தலைப்பில் 'ஹித்தர்', 'ஆனன்' ஆகியவற்றோடு போட்டு மூடிவிடுகிறது.

லியர் முதல் காட்சியில் கார்டீலியாவிடம் 'யூ' என்று தொடங்குகிறான். அவள் பதில் பிடிக்காமல் போனதும் 'தை' என்று இறங்குகிறான்: "உன் உண்மையே உனக்குச் சீதனமாகட்டும்." நீங்கள் என்று பேசிக்கொண்டிருந்தவர் கோபத்தில் நீ என்று மாறினால் நம் வீட்டில் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்போம் இல்லையா? அதே அதிர்ச்சி. அதே லியர் கடைசியில், ஐந்து 'நெவர்'களுக்கு அடுத்த அடியில், பக்கத்தில் நிற்பவனிடம் சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்லும்போது 'ப்ரே யூ' என்கிறான், 'தேங்க் யூ, சர்' என்கிறான். கோபத்தில் நீ என்று இறங்கியவன் இப்போது ஐயா என்கிறான்.

ஹாம்லெட்டும் தாயும் பேசும் இடம் இன்னும் கூர்மை. அவள், "ஹாம்லெட், நீ உன் தந்தையை மிகவும் புண்படுத்திவிட்டாய்" என்கிறாள். அவன், "அம்மா, நீங்கள் என் தந்தையை மிகவும் புண்படுத்திவிட்டீர்கள்" என்கிறான். ஒரே வாக்கியம், அவளுக்கு அன்பான நீ, அவனுக்குக் குளிர்ந்த நீங்கள். ஆனால் 'தௌ' என்றாலே அவமதிப்பு என்று இன்னொரு சூத்திரம் ஆக்கிவிடாதீர்கள். காதலருக்கும் 'தௌ', வேலைக்காரனுக்கும் 'தௌ', கடவுளுக்கும் 'தௌ'. தேவாரத்தில் சிவனை 'நீ' என்று அழைப்பதைக் கேட்டு வளர்ந்தவருக்கு இதில் குழப்பம் வராது. பார்க்க வேண்டியது எது வருகிறது என்பதை அல்ல, எங்கே மாறுகிறது என்பதை.

'உயர்குடியினர் செய்யுள், எளியோர் உரைநடை' என்ற சூத்திரமும் எல்லாக் கைடுகளிலும் உண்டு. 'த டெம்பெஸ்ட்' நாடகத்தின் காலிபன் அடிமை, பேசுவது அருமையான செய்யுள். 'ரிச்சர்ட் த செகண்ட்' நாடகத்தில் தோட்டக்காரன்கூடச் செய்யுளில்தான் பேசுகிறான். அந்த நாடகத்தில் உரைநடையே கிடையாது. சீசர் கொலைக்குப் பின் மக்கள் முன் புரூட்டஸ் பேசுவது உரைநடை, அந்தோணி பேசுவது செய்யுள். இருவரும் ஒரே குடி. லேடி மெக்பெத் தூக்கத்தில் நடக்கும்போது மட்டும் உரைநடைக்கு வருகிறாள். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இவர் ஏன் இந்த இடத்தில் மாறினார் என்பது.

பிறகு, அச்சில் இருப்பதெல்லாம் ஷேக்ஸ்பியர் எழுதியது அல்ல. இதை முதல் வகுப்பிலேயே சொல்ல வேண்டும். 'காட்டின் மற்றொரு பகுதி', 'அரண்மனையில் ஓர் அறை' போன்ற இடக்குறிப்புகள் 1709இல் நிக்கோலஸ் ரோவ் தொடங்கி 18ஆம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்கள் சேர்த்தவை. வெறும் மேடையில் நடந்த நாடகத்துக்கு அறை எதற்கு? ஹாம்லெட் பேசும் முதல் வரியை, உறவைப் பற்றிய ஒரு சிலேடையை, பெரும்பாலான பதிப்புகள் 'அசைட்', அதாவது மேடையில் உள்ளவர் காதில் விழாமல் ஒதுங்கிச் சொல்வது, என்று குறிக்கும். ஃபோலியோவில் அந்தக் குறிப்பு இல்லை. ஒதுங்கிச் சொன்னால் அவன் தனக்குள் புழுங்குகிறவன். அரசவை கேட்கச் சொன்னால் அவன் வேறு ஆள். ஐந்து அங்கப் பிரிவும் அப்படியே. ஹாம்லெட்டின் ஃபோலியோ அச்சில் அங்கக் குறிப்பு இரண்டாம் அங்கத்தோடு நின்றுவிடுகிறது. அங்கத்துக்கு அங்கம் இடைவெளி விடுவது பிளாக்ஃப்ரையர்ஸ் போன்ற மூடிய அரங்கங்களின் வழக்கம். அங்கே மெழுகுவத்திகளின் திரியைக் கத்தரிக்க நேரம் வேண்டும். குளோப்பில் வெயிலுக்குத் திரி இல்லை. இந்த ஐந்து அங்கத்தின் மேல், கதை ஏறி உச்சம் தொட்டு இறங்கும் என்று காட்டும் ஃப்ரைடாக்கின் முக்கோணத்தை வேறு ஏற்றிவைக்கிறோம். அது 1863இல் ஜெர்மனியில் எழுதப்பட்டது.

காலம், இடம், செயல் என்ற மூன்று ஒருமைகள் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்வி எதற்கு என்று எங்களுக்குப் புரிவதில்லை. ஃபிலிப் சிட்னி அவற்றை மீறியவர்களைக் கேலி செய்தார். ஷேக்ஸ்பியர் அதற்குச் செவிசாய்க்கவில்லை. 'த வின்டர்ஸ் டேல்' நடுவில் காலமே மேடைக்கு வந்து பதினாறு ஆண்டு போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போகிறது. இரண்டு மதிப்பெண் போதும்.

பெண் வேடத்தைச் சிறுவர் ஏற்றதும் இப்படித்தான், தகவலாக எழுதப்பட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. 1660 வரை லண்டன் பொது மேடையில் ஆங்கில நடிகையர் இல்லை என்பது மட்டும் பயன்படாது. 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் ஒரு பையன் ரோசலிண்ட் என்ற பெண்ணாக, அந்தப் பெண் கானிமீட் என்ற பையனாக, அந்தப் பையன் விளையாட்டுக்கு மறுபடி ரோசலிண்டாக நிற்கிறான். இறுதியில் வெளிவந்து "நான் பெண்ணாக இருந்தால்" என்று பார்வையாளரிடமே சொல்கிறான். ஸ்திரீ பார்ட்டும் பாய்ஸ் கம்பெனியும் இருந்த தமிழ் மேடையை அறிந்தவருக்கு இதில் விநோதம் எதுவும் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை அதிகமில்லை. பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, பின்னால் சேர்த்த மேடைக்குறிப்புகள் சதுர அடைப்புக்குள் இருக்கின்றனவா, பங்கிட்ட அடிகள் உள்ளே தள்ளி அச்சாகியிருக்கின்றனவா என்று இரண்டையும் பாருங்கள். மெக்பெத் இரண்டாம் அங்கம் இரண்டாம் காட்சியைத் திறந்தால் இரண்டாவது உடனே தெரிந்துவிடும். ஒரு நாடகத்துக்கு மூன்று வகுப்பு நேரமாவது மைதானத்துக்கு ஒதுக்குங்கள்: 43 அடிக்கு இருபத்தேழரை அடி, சுண்ணாம்புக் கோடு, மேற்கூரையைத் தாங்கிய தூண்களுக்குப் பதில் இரண்டு நாற்காலி, மற்ற மாணவர்கள் மூன்று பக்கமும் நிற்கட்டும். ரோமியோவும் ஜூலியட்டும் முதன்முதல் பேசும் பதினான்கு அடிகளைச் சானட் பகுதியிலேயே வையுங்கள். அது முழுமையான ஒரு சானட். இருவரும் பங்கிட்டு எழுப்பி, இறுதி ஈரடி முடிந்ததும் முத்தம். சானட்டின் அமைப்பை அதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எங்களுக்குத் தெரியாது.

வினாத்தாளில் ஐந்து மதிப்பெண்ணுக்குக் கீழ்க்கண்டது போல ஒன்று வந்தால் எந்தக் கைடும் உதவாது என்பதையும் சொல்லிவைக்கிறோம்:

'டு பி ஆர் நாட் டு பி' பேச்சின்போது ஒஃபீலியா மேடையில் எங்கே நிற்கலாம்? அவள் கையில் என்ன இருக்கிறது? அந்தப் பேச்சில் அவள் காதில் விழுந்தது எவ்வளவு? காட்சியின் வரிகளிலிருந்து மட்டும் சான்று காட்டுக.

இப்படிக்கு,
ஷேக்ஸ்பியரை வகுப்பிலும் மேடையிலும் கையாளும் சிலர்